டிரில் மாஸ்டரை ஆசிரியராக்கிய மனிதர்: ஹாரி பக் கற்றுத்தந்த பாடம் கூலிமுக்கும் பொருந்தும்

சென்னைக்குப் போய் வந்தவர்களிடம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்று சொன்னால், "ஓ, புத்தகக் கண்காட்சி நடக்கும் இடம்தானே?" என்பார்கள். பல ஆண்டுகளாக அங்கே புத்தகத் திருவிழா நடந்ததால் அந்தப் பெயர் மலேசியத் தமிழர்களின் மனத்திலும் பதிந்துவிட்டது. ஆனால் அத்தனை பெரிய திடல் அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

அது ஒரு கல்லூரியின் விளையாட்டுத் திடல். விளையாட்டு சொல்லித் தருவதற்கென்றே ஆசிரியர்களை உருவாக்க 1920-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அது. தொடங்கியவர் ஓர் அமெரிக்கர். பெயர் ஹாரி குரோ பக்.

பயிற்றுநர், ஆசிரியர், நிருவாகி ஆகிய மூன்று வேலைகளையும் ஒருவரே பார்த்த காலம் அது. இன்று இந்த மூன்றும் தனித்தனி நாற்காலிகள். அந்த நாற்காலிகளுக்கு நடக்கும் போட்டியில் சில வேளைகளில் பந்தும் பிள்ளைகளும் மறந்துபோகிறார்கள். ஆகவே பக் என்ன செய்தார், அவருக்கு முன்னே யார் அந்த வழியைப் போட்டது, அதில் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

வழி பிறந்த இடம்

கதை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் ஒரு பயிற்சிக் கல்லூரி நடத்தியது. 1890-இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தவர் ஏமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். 1862-இல் பிறந்த இவர் யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பேஸ்பால், அமெரிக்கக் காற்பந்து இரண்டிலும் பேர் வாங்கியவர். அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் விளையாடும் காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம்.

ஸ்டாக்கிற்கு முதலில் பாதிரியாராக வேண்டும் என்றுதான் ஆசை. பேஸ்பாலில் சம்பளம் வாங்கி ஆட வந்த அழைப்புகளை மறுத்தார். ஆனால் மேடைப்பேச்சு தமக்கு வரவில்லை என்று கண்டதும், இளைஞர்களைத் திருத்தும் வேலையைத் திடலில் செய்வது என்று முடிவெடுத்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் அமைத்த குழுவில் ஆடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாக்காரரான இந்த நெய்ஸ்மித்தான் 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கிலேயே ஆடுவதற்காக, சுவரின் இரு பக்கமும் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர். எழுதி ஒட்டிய விதிகள் 13. 1892 மார்ச்சில் ஆசிரியர்களும் மாணவர்களும் பார்வையாளர் முன்னிலையில் மோதினார்கள். மாணவர்கள் 5, ஆசிரியர்கள் 1. ஆசிரியர்கள் சார்பில் அந்த ஒரே புள்ளியைப் போட்டவர் ஸ்டாக். 1895-இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரான ஹோல்யோக்கில் வில்லியம் மார்கன் கைப்பந்தைக் கண்டுபிடித்தார். அவரும் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று உலகமே ஆடும் இரண்டு ஆட்டங்களை உருவாக்கியவர்கள் பெரிய கிளப்புகளின் முதலாளிகள் அல்லர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு இன்றைக்கு என்ன சொல்லித் தரலாம் என்று யோசித்த ஆசிரியர்கள்.

ஒரே கையில் இரண்டு சாவிகள்

1892-இல் சிகாகோ பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்கிற்கு ஆசிரியராக இருந்தவர். அவர் தம் பழைய மாணவரை அழைத்து, 2,500 டாலர் ஆண்டுச் சம்பளத்தில் விளையாட்டுத் துறையின் பொறுப்பைக் கொடுத்தார். அதோடு பேராசிரியர் வரிசையில் ஓர் இடமும் கொடுத்தார்.

அதுவரை அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு என்பது மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து நடத்திய கிளப் விவகாரம். போட்டிக்காலம் வந்தால் பயிற்றுநரை அழைப்பார்கள், முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். சிகாகோவில்தான் பயிற்றுநர், கணிதப் பேராசிரியரைப் போலவே பல்கலைக்கழகத்தின் நிலையான ஊழியரானார். குழுவைத் தயார் செய்வதும் அவரே, துறையின் கணக்கைப் பார்ப்பதும் அவரே.

இந்த இரண்டு சாவிகளையும் வைத்துக்கொண்டு ஸ்டாக் 41 பருவங்கள் அங்கே வேலை செய்தார். திடலைக் கட்டினார். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தேசிய அளவில் ஓட்டப் போட்டிகளும் கூடைப்பந்துப் போட்டிகளும் நடத்தினார். மாணவர்களை மோதிக் காயப்படுத்தாமல் பயிற்சி செய்யப் பஞ்சடைத்த பொம்மையைப் பயன்படுத்தியது போன்ற பல உத்திகளோடு அவர் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1905-இல் அமெரிக்கக் காற்பந்தில் மாணவர்கள் அடிபட்டு இறந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆட்டத்தின் மூர்க்கத்தைக் குறைக்க விதிகள் மாற்றப்பட்டன. விதிகளை வகுத்த குழுவில் நீண்டகாலம் இருந்தவர் ஸ்டாக்.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. வெற்றி வர வர, கூட்டம் வந்தது. கூட்டம் வர வர, டிக்கெட் பணம் வந்தது. பணம் வந்த பிறகு, நல்ல ஆட்டக்காரன் நல்ல மாணவனா என்று கேட்பது குறைந்தது. ஸ்டாக் ஒழுக்கசீலர்தான். புகைக்கமாட்டார், குடிக்கமாட்டார். இருந்தும் அவர் தொடங்கிவைத்த ஏற்பாடுதான் கல்லூரி விளையாட்டைப் பெரும் வணிகமாக்கியது என்று பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். குழுவைத் தேர்ந்தெடுப்பவரும் கணக்கை எழுதுபவரும் ஒருவரே என்றால், தவறு நடந்தால் தட்டிக்கேட்க யார் இருக்கிறார்?

70 வயதானதும் 1932-இல் சிகாகோ அவரை ஓய்வுபெறச் சொன்னது. அவர் ஓயவில்லை. கலிபோர்னியாவில் ஒரு கல்லூரிக்குப் போய் 1946 வரை பயிற்சி கொடுத்தார். 1943-இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்றுநர் என்ற விருதை வாங்கினார். பிறகு தம் மகனோடு சேர்ந்து மேலும் சில ஆண்டுகள். 314 வெற்றிகள் என்ற அவருடைய சாதனை 1981 வரை நின்றது. 1965-இல், 102 வயதில் காலமானார்.

சிகாகோ பல்கலைக்கழகமோ, படிப்பா ஆட்டமா என்ற கேள்விக்குப் படிப்பே என்று பதில் சொல்லி 1939-இல் காற்பந்துக் குழுவையே கலைத்தது. ஆட்டம் நின்ற ஸ்டாக் திடலின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942 டிசம்பர் 2-ஆம் நாள் என்ரிகோ ஃபெர்மியின் குழு, மனிதன் உருவாக்கிய முதல் அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டியது. இன்று அந்த இடத்தில் நூலகம் இருக்கிறது. விளையாட்டுத் திடலைத் தொழில்நுட்பம் எடுத்துக்கொள்வது கூலிமுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல.

சென்னைக்கு வந்தவர்

ஸ்டாக் ஆசிரியராக இருந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பின்னாளில் படித்துத் தேறியவர் ஹாரி பக். 1884-இல் பிறந்த இவர், முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919-இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இந்தியாவுக்கு வந்தார்.

அப்போது மதராஸ் மாகாணப் பள்ளிகளில் விளையாட்டு என்றால் என்ன? "டிரில்". சொல்லித் தருபவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். வரிசையில் நில், கையைத் தூக்கு, இடம் திரும்பு, வலம் திரும்பு. படித்த ஆசிரியர்கள் கூடும் அறையில் அவருக்கு நாற்காலி கிடைப்பதே சந்தேகம். மாணவனுக்கோ அது பாடமாகத் தெரியாது, தண்டனையாகத் தெரியும்.

பக் இந்த இடத்தில்தான் கை வைத்தார். ஒரு பெரிய கிளப்பைத் தொடங்கி வெற்றிக் கோப்பைகளை அடுக்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1920-இல், மிகச் சில மாணவர்களுடன், உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். உடலின் அமைப்பு, முதலுதவி, விளையாட்டு விதிகள், போட்டி நடத்தும் முறை, ஒரு வகுப்பை எப்படி நடத்துவது ஆகியவை பாடங்களாயின. இத்தகைய பயிற்சிக் கல்லூரிகளில் ஆசியாவிலேயே முதலாவது என்று அது போற்றப்படுகிறது. பின்னர் அது சைதாப்பேட்டை, நந்தனம் பகுதியில், அடையாற்றங்கரையில் தனக்கென விரிந்த திடல்களோடு நிலைபெற்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் அமெரிக்க ஆட்டங்களை மட்டும் மூட்டை கட்டி வந்து இறக்கவில்லை. கூடைப்பந்தும் கைப்பந்தும் கற்பித்த அதே பாடத்திட்டத்தில் தண்டால், பஸ்கி போன்ற உள்ளூர்ப் பயிற்சிகளுக்கும் நம் நாட்டு ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. இது சின்ன வேலையாகத் தோன்றலாம். விதி எழுத்தில் இல்லாதவரை ஓர் ஆட்டம் ஒரு தெருவைத் தாண்டாது. பக்கத்து ஊர்க்காரனோடு ஆட வேண்டுமானால், கோடு எங்கே, எத்தனை பேர், எப்போது அவுட் என்று இருவரும் ஒரே காகிதத்தைப் பார்த்தாக வேண்டும். சடுகுடு என்று நாம் சொல்லும் கபடி 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க விளையாட்டானது என்றால், அதன் பின்னே இப்படி விதிகளை எழுதி ஒழுங்குபடுத்திய பலருடைய பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

பாரிஸ் பயணமும் ஒலிம்பிக் சங்கமும்

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா ஒரு குழுவை அனுப்பியது. அந்தக் குழுவின் மேலாளராகப் போனவர் பக். மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த தடை ஓட்ட வீரர் சி.கே. லட்சுமணன் அதில் இருந்தார். அதே பாரிஸில், அமெரிக்கத் தடகளக் குழுவின் பயிற்றுநர்களுள் ஒருவராக ஸ்டாக்கும் இருந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் கற்பித்தவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் கற்றவரும் வெவ்வேறு நாடுகளின் குழுக்களோடு ஒரே ஒலிம்பிக்கில்.

இந்தியக் குழு தடகளத்தில் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. வாங்கும் நிலையும் இல்லை. மாகாணத்துக்கு மாகாணம் முறையான சங்கம் இல்லை, தேர்வுப் போட்டிக்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லை. வேறு ஒருவராக இருந்தால் வீரர்களைக் குறைசொல்லிவிட்டு ஒதுங்கியிருப்பார். பக், ஒய்.எம்.சி.ஏ.வின் மற்றோர் உடற்கல்வி அதிகாரியான டாக்டர் நோரனோடு சேர்ந்து நாட்டைச் சுற்றினார். ஊர் ஊராக மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் அமைய உதவினார்கள். அந்த அடித்தளத்தின்மீதுதான் 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் எழுந்தது. தோராப்ஜி டாடா தலைவர், நோரன் செயலாளர்.

செயலாளர் நாற்காலியில் பக் உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் சென்னைக்குத் திரும்பித் தம் மாணவர்களோடு இருந்தார். 1943-இல் காலமாகும் வரை அந்தக் கல்லூரிதான் அவர் வாழ்க்கை.

ஸ்டாக்கின் 314 வெற்றிகளை எண்ணிவிடலாம். பக்கின் வெற்றிகளை எண்ண முடியாது. அவர் உருவாக்கியது ஆட்டக்காரர்களை அல்ல, ஆட்டக்காரர்களை உருவாக்கும் ஆசிரியர்களை. ஓர் ஆசிரியர் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டு இருந்தால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள்! டிரில் மாஸ்டர் என்ற சொல் மெல்ல மறைந்து, உடற்கல்வி ஆசிரியர் என்ற மதிப்பான பெயர் வந்ததில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு.

மலேசியாவில் இரண்டு முகங்கள்

பக் ஒருவரே பார்த்த வேலையை மலேசியாவில் இரண்டு தமிழர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

ஒருவர் டத்தோ பீட்டர் வேலப்பன். நெகிரி செம்பிலான், சிலியாவில் 1935-இல் பிறந்தவர். 1978 முதல் 2007 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பொதுச்செயலாளர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! தலைவர்கள் மாறினார்கள், செயலாளர் மாறவில்லை. ஆசியாவுக்கு உலகக் கிண்ணத்தில் கூடுதல் இடம் வேண்டும் என்று 1999-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபிஃபா மாநாட்டிலிருந்து ஆசியப் பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்தபோதும், 2002-இல் ஆசிய மண்ணில் முதன்முறையாக உலகக் கிண்ணம் நடந்தபோதும் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவரே. 2018-இல் காலமானார். ஒரு கோல் கூட அடிக்காமல் ஒரு கண்டத்தின் காற்பந்தை நகர்த்தலாம் என்பதற்கு அவர் சாட்சி.

மற்றவர் கே. ராஜகோபால். முன்னாள் தேசிய ஆட்டக்காரர், பிறகு தேசியப் பயிற்றுநர். 2009-இல் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கம் கிடைத்தது அவர் பயிற்சியில்தான். மறு ஆண்டே, 2010 டிசம்பரில், இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 4-2 என்று வென்று ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வாங்கியது. வெளிநாட்டு நட்சத்திரங்களை வைத்து அதைச் சாதிக்கவில்லை. 23 வயதுக்குட்பட்ட குழுவில் தாம் வளர்த்த இளைஞர்களை நம்பி மேலே ஏற்றினார். ஆசிரியரின் பொறுமை அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் நாட்டில் உண்டு. 1994-இல் ஆட்ட முடிவை விலைபேசும் ஊழல் வெடித்தபோது 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள். 58 ஆட்டக்காரர்கள் தடைசெய்யப்பட்டார்கள். நிரம்பி வழிந்த அரங்கங்கள் காலியாயின. கெடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006/07, 2007/08 என்று அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்று நாட்டையே வியக்கவைத்த குழு அது. அதே கெடாவில் பின்னாளில், 2023, 2024-ஆம் ஆண்டுகளில், ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி தலைப்புச் செய்தியானது. திடலில் ஆடத் தெரியாமல் அந்தச் சரிவு வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் வந்தது.

ஆக, பயிற்றுநர் மட்டும் நல்லவராக இருந்தால் போதாது, நிருவாகமும் ஒழுங்காக இருக்கவேண்டும். நிருவாகம் மட்டும் ஒழுங்காக இருந்தாலும் போதாது, பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். வண்டிக்கு இரண்டு மாடும் ஒரே திசையில் இழுத்தால்தான் ஊர் போய்ச்சேரும்.

ஹைடெக் பூங்காவும் தோட்டத்துத் திடலும்

இப்போது கூலிமுக்கு வருவோம். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா, நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா. சிப், சோலார் பலகை என்று உலகச் சந்தைக்குப் போகும் பொருள்கள் இங்கே தயாராகின்றன. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற மண். பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று இங்கே ஆபரேட்டராகவும் டெக்னீஷியனாகவும் பொறியியலாளராகவும் வேலை செய்கிறார்கள். இது முன்னேற்றம். இதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

ஆனால் தோட்டத்தை விட்டு வந்தபோது ஒன்று கைநழுவியது. தோட்டத்தில் வீடு சின்னது, சம்பளம் சின்னது, ஆனால் திடல் பெரியது. மாலை ஐந்து மணிக்குப் பந்து உருளும். பெரியவர்கள் ஆடும்போது சிறுவர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவார்கள். ஒரு நாள் ஆள் குறையும்போது அந்தச் சிறுவனை உள்ளே கூப்பிடுவார்கள். நம் பல ஆட்டக்காரர்கள் கற்ற பள்ளிக்கூடம் அதுதான். கட்டணம் கிடையாது.

தாமானில் அந்தத் திடல் இல்லை. ஃபுட்சால் மைதானம் இருக்கிறது, மணிக்கு வாடகை. அம்மாவும் அப்பாவும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் மாறி மாறிப் போகும் வீட்டில், பிள்ளையைப் பயிற்சிக்கு யார் கொண்டுபோய் விடுவது? அதனால் திடலின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொள்கிறது. பள்ளியிலோ, பி.ஜே. பாடம் என்றால் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோகும் பாடம் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. "கணக்குப் பாடம் முடிக்கவேண்டும், இன்றைக்கு பி.ஜே. இல்லை" என்ற சொல்லைக் கேட்காத மாணவன் உண்டா?

பக் நூறு ஆண்டுகளுக்கு முன்னே எதிர்கொண்ட கேள்வியும் இதே கேள்விதான். விளையாட்டு ஒரு பாடமா, பொழுதுபோக்கா? பாடம் என்றால் அதற்குப் பயிற்சிபெற்ற ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், இடம் வேண்டும். பொழுதுபோக்கு என்றால் வசதியுள்ளவன் பிள்ளை வாடகை கொடுத்து ஆடும், மற்றப் பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

செய்யக்கூடியது என்ன?

பெரிய பணம் வேண்டியதில்லை. சில வேலைகளை நாளைக்கே தொடங்கலாம்.

முதலாவது, ஆள். தேசிய விளையாட்டுக் கழகம் நடத்தும் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டம், மலாயில் எஸ்.பி.கே.கே. என்று சொல்வது, மூன்று நிலைகளைக் கொண்டது. விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, குறிப்பிட்ட விளையாட்டு இன்னொரு பகுதி. ஆடி ஓய்ந்த நம் அண்ணன்மார்கள், "நான் ஆடிய காலத்தில்..." என்று தேநீர்க் கடையில் கதை சொல்வதோடு நிற்காமல், முதல் நிலைச் சான்றிதழாவது எடுக்கலாம். ஆடத் தெரிந்தவர் எல்லாம் சொல்லித்தரத் தெரிந்தவர் ஆகிவிட முடியாது. பக் ஒரு கல்லூரியே தொடங்கியது இதற்காகத்தான்.

இரண்டாவது, சங்கம். 1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டுக் கிளப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவுபெற வேண்டும். பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கு, மானிய விண்ணப்பம், தொழிற்சாலைகளிடம் ஆதரவு கேட்கும் கடிதம் எல்லாவற்றுக்கும் மதிப்பு. வாட்ஸ்அப் குழுவை வைத்துக்கொண்டு கிளப் நடத்தினால், ஒரு சண்டையில் குழுவும் போகும், சீருடைக் காசும் போகும்.

மூன்றாவது, இரண்டு சாவி இரண்டு கையில். பயிற்சி கொடுப்பவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் இன்னொருவர். ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் முன்னிலையில் கணக்கு வாசிக்கப்பட வேண்டும். சிகாகோவின் அனுபவமும் நம் நாட்டின் 1994-உம் சொல்லும் பாடம் இது. நல்லவர்கள் இருக்கும்போதே இந்த ஒழுங்கைப் போட்டுவிட வேண்டும். பின்னால் போடவந்தால் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள்.

நான்காவது, இடம். பள்ளித் திடல் மாலையிலும் வார இறுதியிலும் பூட்டியே கிடக்கிறதென்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கம் தலைமையாசிரியரிடம் முறைப்படி பேசலாம். ஷிஃப்டு முடிந்து வரும் பெற்றோர் முறைவைத்துக்கொண்டு நான்கு வீட்டுப் பிள்ளைகளை ஒரே வண்டியில் கொண்டுவந்து விடலாம். பூங்காவின் தொழிற்சாலைகளில் பணியாளர்களுக்கான விளையாட்டுக் கிளப்புகள் இருந்தால், அவற்றில் இருக்கும் நம்மவர்கள் பழைய பந்துகளும் வலைகளும் பள்ளிக்குப் போய்ச்சேர வழி செய்யலாம்.

ஐந்தாவது, பெண் பிள்ளைகள். வலைப்பந்து, கைப்பந்து, ஓட்டம் எதுவானாலும், வீட்டுக்குப் பக்கத்தில், நம்பிக்கையான ஓர் ஆசிரியையின் கண்காணிப்பில் நடந்தால் பெற்றோர் அனுப்புவார்கள். அனுப்புவதில்லை என்று குறைசொல்வதற்கு முன், அனுப்பக்கூடிய இடத்தை நாம் உருவாக்கினோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எதை எண்ணுவது?

கிண்ணங்களை எண்ணுவது எளிது. அலமாரியில் அடுக்கிப் படம் எடுத்து நாளிதழுக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு பயிற்றுநரின் உண்மையான கணக்கு பதினைந்து ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அவரிடம் ஆடிய பிள்ளைகளில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் குண்டர் கும்பல் பக்கம் போகாமல் தப்பினார்கள், எத்தனை பேர் தாங்களே ஒரு விசிலை வாங்கிக்கொண்டு அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர வந்தார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு.

ஹாரி பக் பாரிஸிலிருந்து பதக்கமில்லாத குழுவோடு திரும்பினார். ஆனால் அவர் சென்னையில் விதைத்தது நூறு ஆண்டுகளைத் தாண்டியும் ஆசிரியர்களைத் தந்துகொண்டிருக்கிறது. கூலிமில் நாளைய சிப் எப்படி இருக்கவேண்டும் என்று திட்டமிட நிறைய பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். அதே தாமானில் மாலை ஐந்து மணிக்கு நம் பிள்ளை எங்கே இருக்கவேண்டும் என்று திட்டமிட யார் இருக்கிறார்? பெற்றோரும் ஆசிரியரும் பழைய ஆட்டக்காரர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், இந்தக் கேள்விக்கு அடுத்த பள்ளித் தவணைக்குள்ளேயே பதில் கிடைக்கும்.